லீலுக்கு எந்த வழியால் போவது

1

போன கிழமை லண்டனின் கிழக்குப் பக்கத்தில் பார்க்கிங் என்ற இடத்திலிருந்து ஒரு பெண் தொலைபேசியில் அழைத்தார். முன்பின் தெரியாதவர். எங்கள் பக்கம் ஹரோவில் நடக்கும் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் யாரோ என் இலக்கத்தைக் கொடுத்திருக்கிறார்கள்.

"அக்கா, நீங்கள் பிள்ளையளோட பிரான்சுக்குப் போய் வந்தனீங்களாம். நாங்களும் லீலுக்குப் போகோணும். இவற்ர தமையன் வீட்டில விசேஷம். எங்களுக்கு ரெண்டு சின்னப் பிள்ளையள். எதில போறது நல்லம்? கப்பலோ, கடலுக்குக் கீழால போற ரயிலோ?"

ஊரில் இருந்து வாசிப்பவர்களுக்காகச் சொல்கிறேன். லீல் பிரான்சின் வடக்கில் உள்ள நகரம். லண்டனுக்கும் அதற்கும் இடையில் ஒடுங்கிய ஒரு கடல். டோவர் துறைமுகத்தில் காரோடு கப்பலில் ஏறி, பிரெஞ்சுக் கரையில் காலே துறைமுகத்தில் இறங்கலாம். தண்ணீரைத் தொட்டும் தொடாமலும் இரைந்து ஓடும் ஹோவர்கிராஃப்ட் என்ற ஒன்றும் உண்டு. கடலுக்கு அடியில் சுரங்கம் வெட்டிய பிறகு வோட்டர்லூ நிலையத்தில் ரயில் ஏறி நேரே லீலில் இறங்கலாம். போக்ஸ்டனில் காரையே ரயிலுக்குள் ஏற்றி, காருக்குள் இருந்தபடியே மறுகரைக்குப் போகலாம். பயண முகவரிடம் கேட்டால் விலையோடு சொல்லிவிடுவார்.

நான், "நாளைக்குத் திரும்ப எடுக்கிறீங்களோ? யோசிச்சுச் சொல்றன்" என்றேன். அந்தப் பெண் என்னைப் பற்றி என்ன நினைத்தாரோ தெரியாது.

2

1996ஆம் ஆண்டு வைகாசியில் என் கணவரின் ஒரே தங்கை சுகந்திக்கு லீலில் கலியாணம். கணவரின் பெயர் சிவநேசன். அவர் 85இல் ஊரைவிட்டு வெளிக்கிட்டவர். அதற்குப் பிறகு அண்ணனும் தங்கையும் ஒருவரை ஒருவர் படத்தில்தான் பார்த்திருந்தார்கள். தகப்பன் இல்லை. யாழ்ப்பாணம் முழுவதும் இடம்பெயர்ந்த அந்த மாரிக்குப் பிறகு, தாயார் கிளிநொச்சிப் பக்கம் உறவினர் வளவு ஒன்றில் இருந்தார். அவரால் வர முடியாது.

தாரைவார்த்துக் கொடுக்க பாரிசிலிருந்து சித்தப்பா முறையான ஒருவர் வரச் சம்மதித்திருந்தார். தோழன் இடம்தான் மிச்சம். மாப்பிள்ளை வாசலில் வந்து நிற்கும்போது செம்பில் தண்ணீர் வார்த்து அவருடைய காலைக் கழுவுவதும், அவர் போடும் மோதிரத்தை வாங்கிக்கொண்டு கைபிடித்து மணவறைக்கு அழைத்துப் போவதும் பெண்ணின் சகோதரன். கூடப் பிறந்தவன் இல்லாதபோது வேறு யாரையாவது நிறுத்துவார்கள். சுகந்திக்குக் கூடப் பிறந்தவர் இருந்தார், ஒரு கடல் தள்ளி.

"அண்ணை, நீங்கள் வராட்டி அவர் வாசலிலயே நிக்கட்டும்," என்றாள் தொலைபேசியில். "வேற ஒருத்தரையும் கால் கழுவ விடமாட்டன்."

"விசர்க் கதை கதையாத. நான் வராமலோ? வாறன்."

"சத்தியமா?"

"ஓம், வாறன் எண்டுறன்."

அவர் தொலைபேசியை வைத்துவிட்டுப் போய் யன்னலைத் திறந்தார். வெளியே மழை பெய்துகொண்டிருந்தது. நான் எழுந்து போய்த் திரைச்சீலையை ஒதுக்கினேன்.

3

சனிக்கிழமைகளில் பிள்ளைகள் உள்ளே ஆத்திசூடி சொல்லிக்கொண்டிருக்கும்போது பெற்றோர் நடைகூடத்தில் நிற்போம். லண்டனில் எங்கள் ஆட்களின் பாதி முடிவுகள் அங்கேதான் எடுக்கப்படுகின்றன. நான் அங்கே கேட்டேன்.

"பஸ்ஸில மட்டும் போயிடாதேங்கோ," என்றார் பெற்றோல் நிலையத்தில் வேலை செய்யும் செல்வராசா அண்ணை. "எல்லையில பஸ்ஸை நிப்பாட்டி ஒருத்தனை மட்டும் இறக்குவாங்கள். அவன் திரும்பி ஏறுமட்டும் மிச்சச் சனம் அவன்ர சீற்றையே பாத்துக்கொண்டிருக்கும்."

"ஏன் அண்ணை பயப்பிடுத்திறியள்?" என்றார் யோகேஸ்வரி. அவர் கணக்காளர், எங்கள் எல்லாருக்கும் முதல் வந்தவர். "கப்பல்தான் வடிவு. மேல்தட்டில நிண்டு காத்து வாங்கலாம். நான் படிக்க வரேக்க சூட்கேசுக்கு மேல இருந்து படமெல்லாம் எடுத்தனான்."

"உங்களுக்கென்ன, நீங்கள் மகாராணி. படம் எடுத்துக்கொண்டு வந்தனீங்கள்."

எல்லாரும் சிரித்தோம். சுவரில் சாய்ந்து நின்ற ஓர் இளம் தகப்பன் சிரிக்கவில்லை. "எதில போனாலும் கதவுக்குக் கிட்டவா இருங்கோ அக்கா," என்று சொல்லிவிட்டு, மகளைக் கூட்டிக்கொண்டு போகிறவர் போல வகுப்புப் பக்கம் நடந்தார். வகுப்பு முடிய நேரம் இருந்தது.

வீட்டுக்கு வரும் வழியில்தான் எனக்கு விளங்கியது. நான் போகும் வழியைக் கேட்டிருந்தேன். அவர்கள் தாங்கள் வந்த வழியைச் சொல்லியிருந்தார்கள்.

ஊரில் ஒரு நாளிதழில் சில காலம் உதவி ஆசிரியராக இருந்தேன். நிருபர்கள் கொண்டுவரும் செய்தியில் யார், என்ன, எங்கே, எப்போது, ஏன், எப்படி என்பவற்றில் ஒன்று குறைந்தாலும் திருப்பிக் கொடுக்கவேண்டும் என்று பழக்கப்படுத்தப்பட்டவள். லண்டனில் எங்கள் ஆட்கள் முதன்முதல் சந்திக்கும்போது எந்த ஊர், எந்தப் பள்ளிக்கூடம், எப்ப வந்தனீங்கள் என்று வரிசையாகக் கேட்பார்கள். எப்படி வந்தீர்கள் என்று கேட்கமாட்டார்கள். யாரும் சொல்லித் தந்ததல்ல. வந்த புதிதில் ஓரிரு முகங்களைப் பார்த்து நாமே பழகிக்கொள்வது. சாப்பாட்டு மேசையில் சம்பளத்தைக்கூடக் கேட்பார்கள், இதைக் கேட்கமாட்டார்கள்.

என்னுடைய வருகை சொல்லக்கூடியது. கலியாண விசாவில் விமானத்தில் வந்தேன். அவர் மாலையோடு ஹீத்ரோவில் நின்றார். அவர் 85இல் வந்தார் என்பது எனக்குத் தெரியும். எப்படி என்று நானும் கேட்டதில்லை. மற்றவர்களிடம் காட்டும் மரியாதையை வீட்டிலும் காட்டினேன்.

"எதில போவம்?" என்று அவரிடம் கேட்டேன்.

"எதெண்டாலும் சரி. நீரே பாத்து புக் பண்ணும்."

நடைகூடத்தில் எல்லாருக்கும் ஒரு கருத்து இருந்தது. இவர் ஒருவருக்குத்தான் இல்லை. அதை அப்போதே கவனித்திருக்கலாம். கவனித்தேன் என்றுதான் நினைக்கிறேன்; கலியாண வேலையில் அதற்கு இடம் கொடுக்கவில்லை.

4

எட்டு வயது அபிக்குக் கப்பல் வேண்டும். அவளுடைய வகுப்புத் தோழி ஒருத்தி கப்பலுக்குள் கடையும் விளையாட்டு மெசின்களும் இருப்பதாகச் சொல்லியிருந்தாள். ஐந்து வயதுக் கபிலனுக்குக் காரைத் தின்னும் ரயில் வேண்டும். அப்படித்தான் அவன் அதற்குப் பெயர் வைத்திருந்தான்.

கபிலன் சந்தைக்குப் போகும் பஸ்ஸிலேயே சத்தி எடுக்கிறவன். கப்பல் சரிவராது. வோட்டர்லூ ரயிலில் போனால் சாமான்களை யார் சுமப்பது? குத்துவிளக்கு, கால் கழுவும் பெரிய தாம்பாளம், செம்பு, இரண்டு பேணி பயத்தம் பணியாரம், எல்லாருடைய உடுப்பு. ஆகவே காரைத் தின்னும் ரயில். காருக்குள்ளேயே இருக்கலாம், பிள்ளைகள் ஓடித் திரிய இடமில்லை, கடல் கண்ணிலும் படாது. எந்தப் பக்கத்தால் பார்த்தாலும் குறையில்லாத முடிவு. பதிவு செய்துவிட்டு அவரிடம் சொன்னேன்.

"நல்லது," என்றார்.

அதற்குப் பிறகு அவர் கடதாசி சேர்க்கத் தொடங்கினார். எங்களுக்குப் பிரித்தானியக் கடவுச்சீட்டு கிடைத்து ஒரு வருடம் ஆகியிருந்தது. அதைக் காட்டினால் போதும். அவரோ குடியுரிமைச் சான்றிதழ், கலியாண எழுத்து, சம்பளத் துண்டுகள், கவுன்சில் வரிக் கடிதம், குரோய்டன் குடிவரவு அலுவலகத்திலிருந்து முந்தி வந்த கடிதங்கள் எல்லாவற்றையும் ஒரு கோப்பில் போட்டார். குரோய்டனின் அந்த உயரக் கட்டடத்துக்கு அவரோடு இரண்டு முறை போயிருக்கிறேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருப்பவர் அவருடைய பெயரை மூன்றாக உடைத்துக் கூப்பிடுவார். இவர் எழும்பும்போதே மேற்சட்டைப் பொத்தானைப் பூட்டுவார். வீடு திரும்பினால் அன்றைக்குச் சாப்பாடு இறங்காது. ஆகவே அவருடைய பயம் அதிகாரிகளைப் பற்றியது என்று முடிவு செய்தேன். கோப்பு அதைத்தான் சொன்னது.

சாப்பாட்டு மேசையில் ஒத்திகை நடந்தது.

"ஒப்பிசர் எங்க போறீங்கள் எண்டு கேட்டால்?"

"வெடிங்," என்றாள் அபி.

"ஆற்ற வெடிங்?"

"மாமீஸ் வெடிங்."

"அப்பா எங்க வேலை செய்யிறார்?"

அபி முள்ளுக்கரண்டியை வைத்தாள். "அப்பா, ஆர் வீ டூயிங் சம்திங் பாட்?"

"இல்லையம்மா. ஒண்டும் பிழை செய்யேல்லை."

"தென் வை ஆர் வீ ப்ராக்டிசிங்?"

அவர் தண்ணீர்க் குவளையை அவள் பக்கம் நகர்த்தினார். விடை எனக்குத் தெரியும்; அதை ஆங்கிலத்தில் சொல்லத் தெரியவில்லை, தமிழில் சொன்னால் அவளுக்கு விளங்காது. இந்த இடைவெளி பிள்ளைகள் வளர வளர அகலும் என்று அப்போதே தெரிந்தது.

"ஒப்பிசரிட்ட துவக்கு இருக்குமா?" என்று கபிலன் கேட்டான். அவர் அளவுக்கு மீறிச் சிரித்தார். அந்த இரவு குளிராக இருந்தும் படுக்கையறை யன்னல் திறந்தே கிடந்தது.

யன்னல் புதிதல்ல. அவர் மாரியிலும் யன்னலைத் திறந்துதான் படுப்பார். லிஃப்டில் ஏறமாட்டார். மெட்ரோபொலிட்டன் ரயில் ஹரோவிலிருந்து ஃபிஞ்ச்லி ரோட் வரை வெளிச்சத்தில் ஓடி, அதன் பிறகுதான் நிலத்துக்குள் இறங்கும். அவர் ஃபிஞ்ச்லி ரோட்டிலேயே இறங்கி பஸ் எடுப்பார். ஒருமுறை புது மெத்தை வாங்கினோம். அதைச் சுற்றியிருந்த பொலித்தீனை வீட்டுக்கு வெளியே வைத்து உரித்த பிறகுதான் உள்ளே கொண்டுவர விட்டார். காற்றில் ஆசையுள்ள மனிதர் என்று நான் எங்கள் வீட்டாருக்குக் கடிதத்தில் எழுதியிருக்கிறேன்.

5

பள்ளி விடுமுறைக் கிழமையின் சனிக்கிழமை காலையில் புறப்பட்டோம். மறுநாள் கலியாணம். வழியெல்லாம் கோப்பு என் மடியில் இருந்தது.

போக்ஸ்டனில், இந்தக் கரையிலேயே இருந்து சோதிக்கும் பிரெஞ்சு அதிகாரி எங்கள் கடவுச்சீட்டுகளை விரித்தும் விரிக்காமலும் பார்த்தார். பின் ஆசனத்தைக் குனிந்து பார்த்தார். அபி தயாராக இருந்தாள். "போகலாம்" என்று கையைக் காட்டினார்.

"அவர் ஒண்டுமே கேக்கேல்லை!" என்று கபிலன் அழும் நிலையில் சொன்னான். எனக்குச் சிரிப்பு வந்தது. கோப்பை காலடியில் வைத்தேன்.

"பாத்தியளோ? இவ்வளவுதான்," என்றேன் அவரிடம்.

அவர் முன்னால் பார்த்துக்கொண்டிருந்தார். கார்கள் வரிசையாக ஒரு சரிவில் இறங்கி, நீளமான இரும்பு ரயிலின் பக்கவாட்டுத் திறப்புக்குள் திரும்பி மறைந்துகொண்டிருந்தன. ஒவ்வொன்றாக. உள்ளே எங்கோ உருளும் கதவு ஒன்று இறங்கும் சத்தம் கேட்டது. எங்களுக்கு முன்னால் நின்ற நீலக் கார் உள்ளே போனது. விளக்குப் பச்சையாக மாறியது.

எங்கள் கார் நகரவில்லை.

"அப்பா, க்ரீன்," என்றாள் அபி.

பின்னால் ஒரு வான் ஹோர்ன் அடித்தது. அவருடைய இரண்டு கைகளும் ஸ்டியரிங்கில் இருந்தன. கழுத்துப் பக்கம் வியர்வை ஓடியது. நான் தோளைத் தொட்டேன். சட்டை நனைந்திருந்தது.

"இஞ்சேருங்கோ, எடுங்கோ. பின்னால சனம் நிக்குது."

"ஏலாது."

"என்ன ஏலாது?"

"ஏலாது. எனக்கு ஏலாது."

இன்னும் இரண்டு ஹோர்ன்கள். மஞ்சள் மேற்சட்டை போட்ட ஊழியர் ஓடிவந்து கண்ணாடியில் தட்டினார். அந்தத் தட்டலுக்கு அவர் துள்ளிய விதத்தை நான் அதற்கு முன் கண்டதில்லை. பின் ஆசனத்திலிருந்து அபிதான் பேசினாள். "மை டாட் இஸ் நொட் வெல்." ஊழியர் உள்ளே ஒரு முறை பார்த்தார். கேள்வி கேட்கவில்லை. பின்னால் நின்றவர்களை நிறுத்தி, காரைப் பின்னுக்கு எடுக்கக் கைகாட்டி, சரிவின் ஓரத்தில் ஒதுங்க வைத்தார். அடுத்த ரயிலிலும் போகலாம், வேண்டாமென்றால் வெளியே போக வழி அந்தப் பக்கம் இருக்கிறது என்றார்.

"பாஸ்போட்டெல்லாம் பாத்து முடிஞ்சுது," என்றேன். "இனி ஒருத்தரும் ஒண்டும் கேக்கமாட்டினம்."

"பாஸ்போட்டுக்கில்லை."

"அப்ப?"

"வீட்ட போவம். கார் பழுதெண்டு சுகந்திக்கு அடிச்சுச் சொல்லுவம். சித்தப்பான்ர மகன் ஆரும் தோழனா நிக்கட்டும்."

"மாப்பிள்ளையை வாசலில நிப்பாட்டுவன் எண்டவள்."

"அவள் சொல்லுவாள். சின்னப் பிள்ளை."

"சின்னப் பிள்ளையோ? நீங்கள் விட்டிட்டு வரேக்க சின்னப் பிள்ளை. நாளைக்குத் தாலி கட்டப்போறாள். தகப்பனும் இல்லை, தாயும் பக்கத்தில இல்லை."

"எனக்குத் தெரியாதோ?" என்று கத்தினார். பிறகு குரலை இறக்கி, "நீங்கள் மூண்டு பேரும் போங்கோ. நான் ரயில் எடுத்து வீட்ட போறன்."

"ஆர் கார் ஓடுறது?"

நான் அந்த வருடம் இரண்டு முறை ஓட்டப் பரீட்சையில் தவறியிருந்தேன். அபி வாயைப் பொத்திக்கொண்டாள். அவரும் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. கீழே ரயிலின் கதவுகள் பூட்டிக்கொண்டன. அது நகர்ந்து போய் முடியும்வரை அவர் கண்ணை எடுக்கவில்லை.

அப்போதுதான் கேட்டேன். ஒன்பது வருடம் கேட்காததை, பிள்ளைகள் பின்னால் இருக்க.

"நீங்கள் எப்பிடி வந்தனீங்கள்?"

அவர் என்னைப் பார்க்கவில்லை. ஸ்டியரிங்கைப் பார்த்துச் சொன்னார்.

"லொறியில. காலேயில வைச்சு ஏத்தினவங்கள். அஞ்சு பேர். மெத்தைக் கொம்பனி லொறி. மெத்தைக்கும் கூரைக்கும் நடுவில இவ்வளவு இடம்." ஸ்டியரிங்குக்கு மேலே ஒரு சாண் காட்டினார். "எல்லாம் பொலித்தீன் சுத்தின புது மெத்தை. முகத்தைத் திருப்பினா மூக்கில ஒட்டும். இருமக்கூடாது, தட்டக்கூடாது எண்டு சொல்லிப்போட்டாங்கள். ஒருத்தன் தட்டினா அஞ்சு பேரும் திரும்பிப் போகோணும். லொறி கப்பலுக்குள்ள ஏறி நிண்டுது. எஞ்சினை நிப்பாட்டிப்போட்டு டிரைவர் இறங்கிப் போனான். பிறகு கதவு இறங்கிற சத்தம். இப்ப கேட்டதே, அதுதான்."

நெற்றியைச் சட்டைக் கையால் துடைத்துவிட்டுச் சொன்னார்: "மூச்சை யோசிச்சு யோசிச்சுத்தான் எடுக்கோணும். மறந்தா நிண்டுபோம் மாதிரி. அந்தக் கடல் முடியவே இல்லையப்பா."

கபிலனுக்கு 'மெத்தை' விளங்கியிருந்தது. "அப்பா, நீங்கள் மெத்தையில படுத்தா வந்தனீங்கள்? ஆல் த வே?" குரலில் பொறாமை.

அவர் திரும்பிப் பார்த்தார். "ஓமடா. படுத்துக்கொண்டுதான் வந்தனான்."

அபிக்கு எவ்வளவு விளங்கியது என்று எனக்குத் தெரியாது. அவள் தன் பக்கக் கண்ணாடியைக் கைப்பிடியால் சுற்றி முழுவதும் இறக்கினாள். தம்பிக்கு மேலால் எட்டி மற்றக் கண்ணாடியையும் இறக்கினாள். கடற்காற்று காருக்குள் வந்தது.

"அம்மா," என்றாள், "கப்பலுக்கு வெளிப்பக்கம் இருக்கா?"

6

நான் இறங்கிப் போய் மஞ்சள் மேற்சட்டைக்காரரிடம் விசாரித்தேன். டோவர் துறைமுகம் பக்கத்தில்தான் இருந்தது. காரை அங்கே தரிப்பிடத்தில் விட்டுவிட்டு, நடந்து போய்க் கப்பலில் ஏறலாம் என்றார். அப்படி ஒரு வழி இருப்பது எனக்குத் தெரியாது. நடைகூடத்தில் ஒருவரும் அதைச் சொல்லவில்லை. ஒருவரும் அப்படி வரவில்லை. யோகேஸ்வரி அப்படித்தான் வந்திருப்பார் என்று பிறகு யோசித்தேன். அவர் சூட்கேசைத்தான் சொன்னார், நடந்ததைச் சொல்லவில்லை.

டோவரில் சீட்டு விற்ற பெண்ணிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். நடந்து ஏறுகிறவர்கள் கார்த்தளத்துக்குள்ளால் போகவேண்டுமா? இல்லை, மேல்தளத்துக்கு நேரே பாலம் இருக்கிறது என்றார். அவருக்கு அது விசித்திரமான கேள்வியாக இருக்கவில்லை. நாய் கொண்டு போகலாமா என்று கேட்பதைப்போலக் கேட்டுக்கொண்டார்.

கார் இல்லாததால் சாமான்களைப் பிரித்தோம். குத்துவிளக்கும் பணியாரத்தில் ஒரு பேணியும் காரிலேயே கிடந்தன. தாம்பாளத்தைப் போர்வையில் சுற்றி அவர் எடுத்தார், செம்பை அபி எடுத்தாள். கோப்பை நான் காரின் பெட்டிக்குள் போட்டுப் பூட்டினேன்.

பாலத்தின் நடுவில் அவர் நின்றார். கீழே கப்பலின் வாய் திறந்திருந்தது. லொறிகள் உள்ளே போய்க்கொண்டிருந்தன. பின்னால் வந்தவர்கள் எங்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள். திரும்பிவிடுவார் என்று நினைத்தேன். அபி செம்பைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு மற்றக் கையால் அவருடைய சட்டை நுனியைப் பிடித்தாள். அவர் நடந்தார்.

கபிலன் துறைமுகம் தாண்டியதும் சத்தி எடுத்தான். பிறகும் எடுத்தான். நான் அவனோடு உள்ளே கழிப்பறைக்கும் இருக்கைக்குமாக அலைந்தேன். அவர் உள்ளே வரவே இல்லை. மேல்தட்டில், காற்று அறைகிற பக்கத்தில், தாம்பாளத்தை நெஞ்சோடு அணைத்தபடி நின்றார். கண்ணாடிக்குள்ளால் பார்த்துக்கொண்டே இருந்தேன். விழுந்துவிடுவார் என்ற பயம் ஒரு பக்கம். அந்த இடத்திலிருந்து அவரை அசைத்துவிடக்கூடாது என்ற பயம் மறுபக்கம்.

பக்கத்தில் நின்ற ஓர் ஆங்கிலேயக் கிழவர் அது என்ன, மேளமா என்று கேட்டிருக்கிறார். "நோ, இட்ஸ் ஃபோர் வொஷிங் மை அங்கிள்ஸ் ஃபீட்," என்று அபி விளக்கம் கொடுத்திருக்கிறாள். கிழவர் கொஞ்சம் தள்ளிப் போய் நின்றாராம்.

கபிலன் களைத்துத் தூங்கிய பிறகு அவனைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனேன். நல்ல வெளிச்சம். பின்னால் டோவரின் வெள்ளைப் பாறைகள் இன்னும் தெரிந்தன. முன்னால் ஒரு தாழ்ந்த கரை, அதன் மேல் நீட்டிய புகைபோக்கி ஒன்று.

"அது என்ன?" என்று இவர் கேட்டார்.

"பிரான்ஸ்."

அவர் பின்னால் பார்த்தார். முன்னால் பார்த்தார். மறுபடியும் பின்னால் பார்த்தார்.

"இதுவோ?" என்றார். "இவ்வளவுதானோ அந்தக் கடல்?"

கரை வரும்வரை மேல்தட்டிலேயே நின்றார். நான் டோவரிலிருந்து மாப்பிள்ளை வீட்டுக்குத் தொலைபேசியில் சொல்லியிருந்தபடி, காலேயில் சுகந்தியின் மாப்பிள்ளையுடைய சிநேகிதர் ஒருவர் காரோடு வந்து நின்றார். அவருடைய கார்க் கண்ணாடிகள் நான்கும் லீல் வரை திறந்தே இருந்தன. அவருக்குக் குளிரியிருக்கும்; ஏன் என்று கேட்கவில்லை.

படியேறி வந்த அண்ணனை சுகந்தி முதலில் அடையாளம் காணவில்லை. அவருக்கு முன்மயிர் போயிருந்தது. பிறகு ஓடிவந்தாள்.

"எப்பிடி வந்தனீங்கள் அண்ணை? காரைக் காணேல்லை!"

"கப்பலில," என்றார். "மேல நிண்டு."

மறுநாள் காலை வாசலில் அவர் மாப்பிள்ளையின் காலைக் கழுவினார். தேவைக்கு மேல் தண்ணீர் வார்த்தார். வேட்டிக்கரை நனைந்த மாப்பிள்ளை, "போதும் மச்சான், போதும்" என்று சொல்வது காணொளியில் கேட்கிறது.

7

பார்க்கிங் பெண் சொன்னபடி மறுநாள் அழைத்தார்.

"யோசிச்சியளோ அக்கா? எங்களுக்கு அந்தக் கார் ரயில்தான் சுகமெண்டு படுது. பிள்ளையளைக் காருக்குள்ளயே வைச்சிருக்கலாம். நீங்கள் என்ன சொல்றியள்?"

"உங்கட அவர் என்ன சொல்றார்?"

"அவரோ? அவருக்கு எதெண்டாலும் சரியாம். என்னையே பாத்து புக் பண்ணட்டாம்."

நான் தொலைபேசியை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

"அவர் எப்ப வந்தவர் தங்கச்சி?"

"எண்பத்தொம்பதில."

"எப்பிடி வந்தவர்?"

அந்தப் பக்கம், பின்னால் ஒரு பிள்ளை தொலைக்காட்சிக்கு ஏதோ பதில் சொல்வது கேட்டது. பிறகு அவர் மெதுவாக, "நான் கேட்டதில்லை அக்கா" என்றார்.

"கேட்டுப்போட்டு எடுங்கோ," என்றேன். "அதுக்குப் பிறகு புக் பண்ணலாம்."